செத்த பிறகு நல்லவன்

காதல் நாவல்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவதற்கென்றே இரண்டு பெண்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தார்கள். பக்கத்தின் பெயர் 'பட்டவர்த்தனம்'. ஒருத்தி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து, முகத்துக்குத் தக்க ஃப்ரேம் எடுத்துக் கொடுத்து, காதோரம் உறுத்தினால் வளைத்துச் சரிசெய்து அனுப்புகிற வேலை. இன்னொருத்தி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். அதனால் ஒருத்தி 'கண்ணாடி' என்றும் மற்றவள் 'ஊசி' என்றும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாளடைவில் அவர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்வதில் அவர்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. இந்தக் காலத்து அலுவலகக் காதல், கட்டாயக் கல்யாணத்தில் முளைக்கிற காதல், பிரிந்துபோய்ச் சேருகிற காதல் எல்லாம் கண்ணாடியின் பாடு. பேய், ரத்தம் குடிக்கிறவன், நிலா வெளிச்சத்தில் ஓநாயாகிறவன், போன ஜென்மத்துக் கணவன் எல்லாம் ஊசியின் பாடு.

கண்ணாடி ஒருமுறை இப்படி எழுதினாள்: "கதாநாயகன் பெரிய கம்பெனி முதலாளி. புத்தகம் முடிகிறவரை அவன் ஒரு நாள்கூட வேலை பார்த்து நான் பார்க்கவில்லை. அப்படியும் கம்பெனி திவாலாகாமல் இருக்கிறதே, இந்தக் கதையில் உள்ள ஒரே அமானுஷ்யம் அதுதான்."

ஊசி அதற்கும் ஒரு படி மேலே. ரத்தக் காட்டேரி நாயகனைப் பற்றி எழுதினாள்: "நானும் தினம் காலையில் வரிசையாக ஆட்களை உட்காரவைத்து ரத்தம் உறிஞ்சுகிறேன். ஒருத்தரும் என்னைச் சொக்கிப்போய்ப் பார்த்ததில்லை. 'மெதுவா எடும்மா' என்கிறார்கள், பஞ்சை அழுத்திக்கொண்டு போய்விடுகிறார்கள்."

வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுத்தாளர்கள் வயிற்றெரிச்சல் பட்டார்கள். யாராவது ஒரு எழுத்தாளர் தெரிந்தவராகப் போய்விட்டால் என்ன செய்வது? அதற்கும் இருவரும் தங்களுக்குள் ஒரு அகராதி வைத்திருந்தார்கள். 'மனதை வருடும் நடை' என்று எழுதினால் நடுவில் தூங்கிவிட்டேன் என்று அர்த்தம். 'உணர்வுபூர்வமான படைப்பு' என்றால் எல்லோரும் அழுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை. 'தவறவிடக் கூடாத நாவல்' என்றால் முழுசாகப் படிக்கவே இல்லை. வெளியாளுக்கு அது பாராட்டு. அவர்கள் இருவரும் ஃபோனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊசி சிரிக்கமாட்டாள். நாயகன் நாயகியின் கையை முறுக்கினாலோ, சுவரோடு சாய்த்து மிரட்டினாலோ, கடைசி அத்தியாயத்தில் 'அவனுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது' என்று முடித்தாலோ அவளுக்கு வெறி வந்துவிடும். "கையை முறுக்குகிறவனுக்கு உள்ளுக்குள் காயமாம். அதற்கு எட்டு அத்தியாயம். முறுக்கப்பட்டவளின் மணிக்கட்டு மறுநாள் என்ன நிறத்தில் இருந்தது என்று ஒரு வரி உண்டா?" என்று எழுதுவாள். அந்த மாதிரிப் புத்தகம் கண்ணாடியின் பங்கில் வந்தாலும் பிடுங்கிக்கொண்டு தானே எழுதுவாள். பக்கத்திலேயே அதிகம் படிக்கப்பட்டவை அந்தக் கட்டுரைகள்தான்.

அவர்கள் பழக்கமானதே ஒரு ஃப்ரேமால்தான். ஊசி தன் உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் பொதிந்து கடைக்கு எடுத்துவந்தாள். கக்கத்தில் ஒரு காதல் நாவல். "கீழ விழுந்துடுச்சு" என்றாள். கண்ணாடி அதை வாங்கிப் பார்த்தாள். கீழே விழுந்த ஃப்ரேம் அப்படி வளையாது. பக்கவாட்டில் கை பட்டால்தான் கீல் அந்த மாதிரி வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கடையில் கொஞ்ச நாள் இருந்த யாருக்கும் அது தெரியும். கண்ணாடி ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, "இந்த நாவல நானும் படிச்சேன். அந்த ஹீரோவ நாலு சாத்து சாத்தணும் போல இருந்துச்சு" என்றாள். ஊசி வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் அந்த ஃப்ரேம் கடைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அது கீழேதான் விழுந்திருந்தது.

ஊசியின் கணவன் டயர் கடை வைத்திருந்தான். வெளியில் தங்கமான மனுஷன். கடைக்கு வருகிறவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பான், பஞ்சர் போட்டால் பாதி நேரம் காசு வாங்கமாட்டான். வீட்டில் வாரக்கணக்கில் பேசமாட்டான். பேசினால் அதைவிடப் பேசாமலிருந்ததே தேவலை என்று தோன்றும். ஊசி படிக்கிற புத்தகங்களை ஒருநாள் குளியலறை வாளியில் முக்கி வைத்திருந்தான். அதை ஊசி ஜோக்காகத்தான் சொன்னாள். "எல்லா ஹீரோயினும் நனைஞ்சு போயிட்டாங்கடி. துணி காயப்போடற மாதிரி கிளிப் மாட்டிக் காயப்போட்டேன்" என்றாள். கண்ணாடியும் சிரித்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

டயர் கடைக்காரன் ஒரு முற்பகலில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஊசி அழுதாள். மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். காலேஜில் படிக்கிற மகள் மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு ஊசியின் எழுத்து மாறிப்போனது. பேய்க்காதல் நாவல்களை இப்போது அவள் திட்டவில்லை. செத்துப்போன காதலன் ஜன்னலோரம் வந்து நிற்கிற கதைகளுக்கு நீளநீளமாக எழுதினாள். "வாசகர்கள் இதைக் கேலி செய்யலாம். ஆனால் திரும்பி வருகிற ஒருவனுக்கு மட்டுமே, எதைத் தவறவிட்டோம் என்று தெரியும்" என்று எழுதினாள். கண்ணாடி அதைப் படித்துவிட்டு, துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். கேலி செய்ய மனசு வரவில்லை.

பிறகு ஊசியே தொடர்கதை எழுத ஆரம்பித்தாள். பெயர் 'கதவு திறக்காமல் வந்தவன்'. இறந்த கணவன் மனைவியைத் தேடி வருகிறான். அவளுக்கு மட்டும் தெரிகிறான். அவள் சமைக்கும்போது உப்புப் போட மறந்தால் நினைவூட்டுகிறான். தலைவலித்தால் நெற்றியில் கை வைக்கிறான். கை குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால் வலி போய்விடுகிறது. அவனால் அவளைக் கட்டிப்பிடிக்க முடியாது; பேசத்தான் முடியும். அதனால் பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான்.

பெண்கள் பைத்தியமாகிப் படித்தார்கள். ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போட்டார். முதல் பிரதியை ஊசி கடைக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"பட்டவர்த்தனமா எழுதணும். எனக்காகன்னு ஒரு சொட்டு சர்க்கரை போட்டே, கொன்னுடுவேன்."

"எழுதறேன்டி."

கண்ணாடி அந்த வாரக் கடைசி முழுக்க அதைப் படித்தாள். மோசமான புத்தகம் என்று சொல்ல முடியாது. நடுவில் கொஞ்சம் இழுவை. உரையாடல் நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றாவது அத்தியாயத்தில் அந்தக் கணவன் உயிரோடிருந்த காலம் வந்தது. மழையில் குடையோடு மனைவியின் வேலையிடத்து வாசலில் நிற்கிறான். அவள் படிக்கிற புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தருகிறான். கண்ணாடி அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாள். மேலே போக முடியவில்லை.

அவள் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கதை என்றாலே காத தூரம் ஓடுகிறவர். "என்ன, பேய் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார்.

"இதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல."

"நல்லாருக்கா, நல்லால்லையா? அத எழுது."

"நல்லாருக்கு. ஆனா பொய்."

"கதைன்னா பொய்தானே?" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

எழுத உட்கார்ந்தவள் அடித்தாள், திருத்தினாள், மறுபடி அடித்தாள். அந்த நாயகன் பொய் என்று எழுதினால் அது புத்தகத்தைப் பற்றியதாக இருக்காது. உன் புருஷன் உன்னை ஒருநாளும் நேசிக்கவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னதாகிவிடும். கணவனை இழந்து வருஷம்கூட ஆகாதவளிடம் அதைச் சொல்ல என்ன கல்நெஞ்சு வேண்டும்! கடைசியில் பழகிய வார்த்தைகள் தாமாகவே வந்து விழுந்தன. மனதை வருடும் நடை. உணர்வுபூர்வமான படைப்பு. தவறவிடக் கூடாத நாவல். பதிவைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் ஊசி வரச்சொன்னாள். பரிசோதனை நிலையத்தில் அந்த நேரம் கூட்டம் இருக்காது. உள்ளறையில் ரத்தக் குழாய்களைச் சுழற்றுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"என்னடி இது?"

"எது?"

"தெரியாத மாதிரி நடிக்காத. 'மனதை வருடும் நடை'. தூங்கிட்டியா?"

"ஐயோ, இல்லடி. அப்படி நெனச்சு எழுதல."

"'உணர்வுபூர்வமான படைப்பு.' மத்தவங்கள ஏமாத்த நாம கண்டுபிடிச்ச வார்த்தைய எனக்கே எழுதியிருக்க. ஊரே நல்லாருக்கு நல்லாருக்குங்குது. பொய் கேக்கறதுக்கு எனக்கு ஆளில்லாமலா உன்கிட்ட கொடுத்தேன்?"

கண்ணாடிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ கஷ்டத்துல இருக்க..." என்று இழுத்தாள்.

"என் கஷ்டத்த நான் பாத்துக்கறேன். புத்தகத்தப் பத்திச் சொல்லு."

"சரி, கேட்டுக்க. எழுத்து நல்லாதான் இருக்கு. அந்த ஆளுதான் பொய். செத்த பிறகு எப்படி வேணா வரட்டும், பேய்தானே. உயிரோட இருந்தப்ப குடை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னான்னு எழுதியிருக்க. எந்த மழையிலடி நின்னாரு?"

கண்ணாடிக்கு இப்போது நிறுத்த முடியவில்லை.

"இதே மாதிரி ஒருத்தன வேற யாராச்சும் எழுதியிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா? செத்துட்டாங்கறதுக்காக ஒருத்தன் நல்லவனாயிடுவானா? உன் ஃப்ரேம நிமிர்த்திக் கொடுத்தவ நான். கீழ விழுந்தா அது எப்படி வளையும், கை பட்டா எப்படி வளையும்னு எனக்குத் தெரியாதா?"

இயந்திரம் வேகம் குறைந்து நின்றது. ஊசி அதன் மூடியைத் திறக்கப் போகவில்லை.

"தெரியுமா?" என்றாள். "எப்பலேருந்து?"

"முதல் தடவ கொண்டுவந்தியே, அன்னிக்கே."

"அன்னிக்கே தெரியுமா? அப்புறம் ஏன்டி ஒரு வார்த்த கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு..." என்றாள் கண்ணாடி. "நீயும்தான் சொல்லல."

"நான் சொல்லலையா?" ஊசியின் குரல் உயரவில்லை, இன்னும் தாழ்ந்தது. "நான் எழுதினேன்டி. கைய முறுக்கற ஹீரோ, மணிக்கட்டு நிறம், வாயே தெறக்காத புருஷன். மாசாமாசம் உன்கூட நடத்தற பக்கத்துலயே எழுதினேன். எல்லாத்தையும் மொதல்ல படிச்சது நீ. 'செமடி, பின்னிட்ட'ன்னு சொன்ன. லைக் போட்ட."

அந்தக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் இப்போது கண்ணாடிக்கு வேறொன்றாகத் தெரிந்தது. அவற்றில் ஒற்றுப்பிழை திருத்தியவள் அவள்தான்.

"அவர உயிரோட இருக்கறவராத்தான் மொதல்ல எழுத உக்காந்தேன்" என்றாள் ஊசி. "நல்ல வார்த்த ஒண்ணு அவர் வாயில வைக்க முடியல. நானே நம்பமாட்டேங்கறேன். செத்துட்டாருன்னு எழுதினதும்தான் வந்துச்சு. பேய்னா எத வேணா நம்பலாம்ல? புருஷன் பொண்டாட்டிகிட்ட உக்காந்து பேசினான்னு எழுத எனக்குப் பேய்க்கதைதான் கெடச்சுது. சிரிப்பா வருதா?"

"இல்லடி."

"தினமும் வீட்டுக்குப் போனா அவன் வரான். நான் எழுதினவன். அவன்கூடதான் சாப்பிடறேன். உன்னப் பாத்தா அவன் வரமாட்டேங்கறான், மத்தவர்தான் வராரு. நீ போயிடு."

"ஊசி..."

"போடி. வேல கெடக்கு."

கண்ணாடி பலமுறை ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினாள். அது படிக்கப்பட்டதற்கான அடையாளம் மட்டும் வந்தது. ஒருமுறை வீட்டுக்கே போனாள். மாமியார்தான் கதவைத் திறந்தாள். "அவ எழுதிட்டிருக்கா, தொந்தரவு பண்ணாதம்மா" என்று சொல்லிவிட்டு, சாத்துவதற்கு முன் அந்தம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பிள்ளைய அப்படியே உரிச்சு வெச்சிருக்கா, படிச்சியா?" என்று கேட்டாள். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அத்தனை வருஷம் அத்தனையும் கேட்டவள் அவள். கண்ணாடி, "படிச்சேம்மா" என்றாள்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. நூலக அரங்கில் வாசகர் சந்திப்பு வைத்தார்கள். கண்ணாடி போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஊசி புது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். வேறு எங்கோ வாங்கியது. மூக்கில் சரியாக உட்காரவில்லை, பேசும்போதெல்லாம் மேலே தள்ளிக்கொண்டாள். ஒரு சின்னப் பெண் எழுந்து, "உங்க கணவர் நெஜமாவே இப்படித்தான் இருந்தாரா, மேடம்?" என்று கேட்டாள்.

ஊசி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "இருந்த வரைக்கும் எனக்குத் தெரியல. போன பிறகுதான் தெரிஞ்சுது" என்றாள்.

அரங்கமே மூக்கை உறிஞ்சியது. முன்வரிசையில் மாமியார் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் கண்ணாடியிடம், "என்ன ஒரு லவ் பாருங்க" என்று கிசுகிசுத்தாள்.

வெளியே வரும்போது ஊசியின் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்று ஓரமாகக் கூட்டிப்போனாள். "நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லிடமாட்டீங்கல்ல?"

"நான் ஏன்மா சொல்லப்போறேன்?"

"இல்ல, நீங்க உண்மையத்தான் எழுதுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதான் பயமாயிருக்கு." அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அவள் அப்பாவுடையது. "எனக்கு ரெண்டு அப்பா, ஆன்ட்டி. ஒருத்தரப் பாத்தேன், ஒருத்தரப் படிச்சேன். நாளைக்கு என்னப் பொண்ணு கேட்டு வரவங்ககிட்டச் சொல்றதுக்கு ரெண்டாவது அப்பாதான் வசதி. அம்மாவும் இப்பதான் நிம்மதியாத் தூங்கறாங்க. விட்டுடுங்க."

கண்ணாடி அவள் தலையைத் தடவப்போனாள். பெண் நாசூக்காக விலகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை இலவசப் பிரதி வரவில்லை. கண்ணாடி புத்தகக் கடைக்குப் போய் வாங்கினாள். நாயகன் பழையபடியே இருந்தான்: குளிர்ந்த கை, இனிப்புப் பேச்சு, அட்டையில் வெட்டி ஒட்டியது போல. ஆனால் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். நாயகியின் தோழி. ஊர்ப்பட்ட புத்தகம் படித்தவள். யார் எங்கே பொய் சொன்னாலும் மூக்கு வேர்த்துவிடும் அவளுக்கு. நாயகிக்கு என்ன நடக்கிறது என்று முதல் நாளே தெரிந்தும் ஜோக்கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பேய்க்கணவன் மாமியாரை மன்னிக்கிறான், ஊரை மன்னிக்கிறான். அவளை மட்டும் மன்னிப்பதில்லை. அவள் கண்ணுக்கு அவன் தெரிகிறபடி ஒருநாள் எதிரே வந்து நிற்கிறான். அவள் அப்போதும் பார்க்காததுபோல் கடந்துபோகிறாள்.

வாசகர்கள் அந்தத் தோழியைக் கரித்துக்கொட்டினார்கள். 'இந்த மாதிரி ஒரு ஃப்ரெண்டு இருந்தா எதிரியே வேண்டாம்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'இவ செத்துத் தொலையக்கூடாதா' என்றாள் இன்னொருத்தி. கண்ணாடி ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றையும் விடவில்லை.

பிறகு உட்கார்ந்து எழுதினாள். இந்த முறை கை தயங்கவில்லை. "கதாநாயகனைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, அவன் ஒரு ஆசை, ஆள் இல்லை. ஆனால் அந்தத் தோழி ஆள். அவளுக்கு எழுத்தாளர் ஒரு கெட்ட குணத்தைக்கூட இட்டுக்கட்டவில்லை. இந்த வகைப் புத்தகங்களில் இவ்வளவு உண்மையான ஒரு பெண்ணை நான் படித்ததில்லை. அவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் சரி. அவளை மன்னிக்காமல் விட்டதும் சரி." கீழே 'கண்ணாடி' என்று போட்டு 'பட்டவர்த்தனம்' பக்கத்தில் ஏற்றினாள்.

இரண்டு நாள் கழித்து ஊசி அந்த விமர்சனத்தைத் தன் சொந்தப் பக்கத்தில் பகிர்ந்திருந்தாள். மேலே ஒரு வரி: "இந்த விமர்சகருடன் எனக்கு அறிமுகமில்லை. ஆனால் நேர்மையாகப் படித்திருக்கிறார். நன்றி."

கண்ணாடி அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். "என்ன, பாராட்டியிருக்காங்களா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படியிருக்கு?"

அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "தட்ட எடுத்துட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.